கால்மணிக்குப் பன்னிரண்டு: குடும்பம் நடத்தும் பீட்சா உணவகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்று நடத்திவரும் பீட்சா உணவகத்தில், 2023 நவம்பர் முதல் 2024 கோடை வரை நடந்தவற்றை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. 2023 ஜனவரியிலிருந்து நான் அங்கே சமையற்கூடப் பொறுப்பாளராக வேலை செய்தேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். பெயர்களையும் கடையை அடையாளம் காட்டும் விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

உரிமையாளர் 1980களின் இறுதியில் கனடாவுக்கு வந்தவர். அக்காலத்தில் வந்த பலரையும் போல அவருடைய முதல் வேலையும் கோப்பை கழுவுவதுதான். இத்தாலியர் ஒருவரின் உணவகத்தில் கழுவும் தொட்டியருகே தொடங்கி, மா குழைக்கவும் அடுப்புப் பார்க்கவும் கற்று, அந்த முதலாளி ஓய்வுபெற்றபோது கடையை அவரிடமிருந்தே வாங்கினார். மா குழைக்கும் முறை இன்றும் அந்தப் பழைய முதலாளியுடையதுதான்: ஈஸ்ற்றைக் குறைவாக இட்டு, உருண்டைகளைக் குளிர் அறையில் இரண்டு இரவுகள் வைத்து மெதுவாகப் பொங்கவிடுவது. மனைவி காசுப்பெட்டியையும் சலாட் மேசையையும் கவனித்தார். மூத்த மகள் கணக்கையும், டெலிவரிச் செயலிகள் வழியாக வரும் ஓடர்களையும் பார்த்தார். கடையை நடத்தும் கம்பனியில் அவருக்கும் பங்கு உண்டு. பல்கலைக்கழக மாணவரான இளைய மகன் வார இறுதிகளில் மேசைகளைக் கவனித்தார். குடும்பத்துக்கு வெளியே நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். அவர்களில் அடுப்புப் பார்ப்பவர் நான்கு ஆண்டுகள் அங்கே வேலை செய்தவர், முப்பதுகளில் இருப்பவர். கடையின் வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் கையில்தான் நின்றது.

உள்ளே 42 இருக்கைகள் உண்டு. ஆனால் வருமானத்தில் பெரும் பகுதி, வந்து எடுத்துச் செல்பவர்களிடமிருந்தும் டெலிவரியிலிருந்தும் கிடைத்தது. அடுப்பு எரிவாயுவில் இயங்கும் இரட்டைத் தட்டு அடுப்பு. ஒவ்வொரு தட்டிலும் கல் பதித்திருக்கும். ஒரு தட்டில் 14 அங்குலப் பீட்சா ஆறு வைக்கலாம். காகிதத்தில் கணக்குப் போட்டால் பன்னிரண்டு பீட்சாவும் எட்டு நிமிடத்தில் வெந்துவிட வேண்டும், அதாவது ஒரு மணிக்கு 90. கடையில் எல்லோருடைய மனத்திலும் இருந்த எண் அதுதான். அந்த நம்பிக்கையில், தொலைபேசியில் யார் எந்த நேரத்தில் கேட்டாலும் கிடைத்த பதில் “அரை மணித்தியாலம்” என்பதாகவே இருந்தது.

அரை மணி என்ற சொல் இந்தத் தொழிலில் எங்கிருந்து வேரூன்றியது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் முப்பது நிமிட உத்தரவாதத்தைப் பெரிதாக விளம்பரப்படுத்திய டொமினோஸ் நிறுவனம், ஓட்டுநர்களின் விபத்துகள் தொடர்பான வழக்குகளுக்குப் பிறகு 1993-இல் அதை அங்கே கைவிட்டது. கைவிட்டவர்களே மறந்துவிட்ட அந்த வாக்குறுதியை, அப்படி எதையும் ஒருபோதும் விளம்பரம் செய்திராத சிறு கடைகள் இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன.

நவம்பர் 17

2023 நவம்பர் 17 வெள்ளிக்கிழமை. அன்று மாலை ஏழு மணிக்கு, பாடசாலை ஒன்றின் பெற்றோர் கூட்டத்துக்கு முப்பது பீட்சா தேவைப்பட்டது. கேட்டவர் உரிமையாளரின் நண்பர். அவர் கடைத் தொலைபேசிக்கு அழைக்காமல் உரிமையாளரின் கைத்தொலைபேசிக்கு முதல் நாளே அழைத்திருந்தார். ஓடர் எங்கும் எழுதப்படவில்லை. 6:20-க்கு, இரண்டு தட்டும் நிரம்பியிருந்த நேரத்தில், உரிமையாளர் அடுப்பருகே வந்து, “தம்பி, முதல்ல அந்த முப்பதைப் போடு” என்றார். அதே நேரத்தில் மகள், செயலியில் காத்திருக்கும் ஓட்டுநர்களைச் சுட்டி வேறு ஐந்து சீட்டுகளை முன்னே தள்ளினார். ஆறாம் மேசையில் குழந்தைகள் அழுகிறார்கள் என்று மகன் சொன்னார். அடுப்புப் பார்ப்பவர் மூவருக்கும் “ஓம்” என்றார்.

பீட்சாவை உள்ளே இடவும் எடுக்கவும் பயன்படும் நீண்ட பிடிகொண்ட பலகையை நாங்கள் துடுப்பு என்போம். அவர் கீழ்த் தட்டிலிருந்து ஒன்றைத் துடுப்பில் எடுத்துக்கொண்டு திரும்பும்போது யாரோ அவரை அழைத்தார்கள். மேல் தட்டின் கதவு திறந்தே இருந்தது. அதன் ஓரம் வலது முன்கையில் பட்டது. அவர் சத்தமிடவில்லை, துடுப்பில் இருந்த பீட்சாவைப் பெட்டியில் இறக்கிய பிறகுதான் கையைப் பார்த்தார். உரிமையாளரின் மனைவி ஓடிவந்து, நம் வீடுகளில் செய்வதைப் போலவே, கைப்பையிலிருந்து பற்பசையை எடுத்துத் தடவிவிட்டார். குழாய் நீரை அதன்மேல் இருபது நிமிடம் ஓடவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும்; முதலுதவிப் பயிற்சி பெற்றிருந்தவன் நான். ஆனால் அன்றைய நெருக்கடியில் அவரை அடுப்பிலிருந்து விலக்க எனக்கும் துணிவு வரவில்லை. இரவு பத்தரை மணிவரை அவர் அதே இடத்தில் நின்றார்.

மறுநாள் கொப்புளம் ஏறக்குறைய மூன்று விரல் அகலத்துக்கு எழும்பியிருந்தது. அவர் தானாகவே ஒரு மருத்துவரிடம் போனார், ஐந்து நாள் வேலைக்கு வரவில்லை. உரிமையாளர் அவருடைய வீட்டுக்கே போய் மருந்துச் செலவையும் ஐந்து நாள் சம்பளத்தையும் காசாகக் கையில் கொடுத்து, “நாங்கள் பார்த்துக்கொள்ளுவம், இதை ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை” என்றார். அவர் இதைச் சொன்னது ஒளிப்பதற்காக அல்ல, ஒருவரைத் தன் வீட்டுப் பிள்ளையாக நினைப்பவரின் பொறுப்புணர்ச்சியில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் ஒன்ராறியோவில், மருத்துவ உதவி தேவைப்பட்ட வேலையிடக் காயத்தை, அறிந்த மூன்று வேலை நாட்களுக்குள் வேலையிடப் பாதுகாப்பு மற்றும் காப்புறுதிச் சபைக்கு முதலாளி அறிவிக்க வேண்டும். எங்கள் கணக்கில் அந்த மூன்றாம் நாள் நவம்பர் 22. அது கடந்துபோனது. மருத்துவர் தம் பங்குக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை அனுப்பியிருந்ததால், 28-ஆம் திகதி சபையிலிருந்து கடைக்குக் கடிதம் வந்தது.

அந்தக் கடிதம் உரிமையாளரை மிகவும் புண்படுத்தியது. அடுப்புப் பார்ப்பவரே முறையிட்டுவிட்டார் என்று அவர் எண்ணினார். மறுநாள் வேலைக்கு வந்தவரிடம் அவர் பேசவில்லை. அன்று மாலை அடுப்புப் பார்ப்பவர் என்னிடம் வந்து, தான் வேலையை விடப்போவதாகச் சொன்னார். “சம்பளம் குறைவெண்டு இல்லை அண்ணை. ஆர் சொல்லுறதைக் கேக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை” என்றார். இந்த ஆய்வை எழுதத் தூண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.

கவனித்தவை

இரண்டு வாரம் பொறுத்திருக்குமாறு அவரைக் கேட்டுக்கொண்டு, முந்திய வெள்ளியன்றே தொடங்கியிருந்த அடுப்பு அளவீட்டைத் தொடர்ந்தேன். நவம்பர் 24, டிசம்பர் 1, டிசம்பர் 8 ஆகிய மூன்று வெள்ளிக்கிழமைகளிலும், மாலை 5 மணி முதல் 9:30 வரை, ஒவ்வொரு கால்மணியிலும் எத்தனை பீட்சா உள்ளே போயின, எத்தனை பெட்டிக்குள் சென்றன, எத்தனை திரும்பச் செய்ய வேண்டியிருந்தன என்று ஒரு கொப்பியில் குறித்தேன். கல்லின் சூட்டை, தொடாமல் அளக்கும் வெப்பமானியால் பார்த்தேன்.

சராசரியாக ஒரு வெள்ளி மாலையில் விற்கத்தக்கதாக வெளிவந்தவை 187. திரும்பச் செய்யப்பட்டவை 11. மிக நெருக்கடியான மணித்தியாலத்தில், ஏழு மணி முதல் எட்டு மணிவரை, 43 மட்டுமே வெளிவந்தன; அதற்கு முந்தைய மணியில், ஓடர் குறைவாக இருந்தபோது, 49 வெளிவந்திருந்தன. அதிகம் இட்ட நேரத்தில் குறைவாக வெளிவந்தது என்பதை முதலில் நானே நம்பவில்லை. மூன்று வாரமும் அப்படியே இருந்ததால்தான் காரணத்தைத் தேடினேன்.

காரணம் கல்லில் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு 295 பாகை செல்சியசில் இருந்த கீழ்த் தட்டுக் கல், இடைவெளியின்றி மூன்று முறை நிரப்பிய பின் 240-க்கு இறங்கியிருந்தது. குளிர்ந்த மாவை ஒவ்வொரு முறை வைக்கும்போதும் அது கல்லிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. கதவைத் திறந்துவைத்தால் மேலே உள்ள சூடும் போய்விடுகிறது. இரண்டு, மூன்று நிமிடம் கல்லை வெறுமையாக விட்டால் சூடு மீண்டும் ஏறும். விடாவிட்டால், மேலே சீஸ் நிறம் மாறிவிடும், அடி வெள்ளையாகவே இருக்கும். எட்டு நிமிடத்தில் வேக வேண்டியது பதினொரு நிமிடம் எடுக்கும்.

அந்தப் பதினொரு நிமிடத்தில், அடுப்புக்கு வெளியே மேசையில் இன்னொன்று நடக்கிறது. சோஸ் தடவி, சீஸ் தூவித் தயாரான பீட்சாக்கள் வரிசையில் காத்திருக்கின்றன. ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் சோஸின் ஈரம் மாவுக்குள் இறங்கி அடி பிசுபிசுப்பாகிறது, துடுப்பில் ஒட்டுகிறது. இழுக்கும்போது கிழிந்து, சோஸும் சீஸும் கல்லில் கொட்டிக் கருகுகின்றன. கருகிய இடத்தைச் சுரண்டித் துடைக்கும்வரை அந்த இடத்தில் அடுத்ததை வைக்க முடியாது. திரும்பச் செய்த பதினொன்றில் பெரும்பாலானவை இப்படிக் கிழிந்தவையே. விரைவாகச் செய்வதாக நினைத்து மேசையில் முன்கூட்டியே அடுக்கிவைத்த பீட்சாக்களே அடுப்பை மெதுவாக்கின.

ஓடர்கள் அடுப்பை வந்தடைந்த வழியையும் குறித்தேன். கடைத் தொலைபேசி, இரண்டு செயலிகள், உள்ளே உள்ள மேசைகள் என்பவற்றோடு, உரிமையாளரின் கைத்தொலைபேசி ஐந்தாவது வழியாக இருந்தது. “அண்ணை, நான்தான்” என்று தொடங்கும் அழைப்புகள் அவை. கோயில் நிர்வாகத்தில் உள்ளவர்கள், ஊர்ச் சங்கத்தவர்கள், தொடக்க காலத்தில் கடைக்குக் கைகொடுத்தவர்கள் என்று எல்லோருக்கும் அவர் கடன்பட்டவராக உணர்ந்தார். வெள்ளி மாலையில் சராசரி பதினான்கு பீட்சா இந்த வழியாக, சீட்டே இல்லாமல், வரிசையின் முன்னால் வந்தன.

இதைத் தவிர, வேலைக்காரர்களிடம் பேசியபோது வேறு இரண்டு குறைகள் வெளிப்பட்டன. ஒன்றரை மணிக்கு வருபவர்கள் இரவு பத்துவரை உட்காராமல் நின்றார்கள். தொடர்ந்து ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரை மணி உணவு இடைவேளை தர வேண்டும் என்பது ஒன்ராறியோ வேலைவாய்ப்புத் தரநிலைகள் சட்டத்தில் உள்ளது; கடையில் யாரும் அதை மறுத்ததில்லை, ஆனால் யாரும் எடுத்ததுமில்லை. மற்றது டிப்ஸ். அட்டையில் வந்ததையும் சாடியில் விழுந்ததையும் உரிமையாளரின் மனைவி சேர்த்து, ஞாயிறு இரவில் உறைகளில் இட்டுக் கொடுப்பார். அதில் மகளுக்கும் ஓர் உறை இருந்தது. உரிமையாளரோ பங்குதாரரோ, டிப்ஸ் பெறும் வேலைக்காரர்கள் செய்யும் அதே வேலையைப் பெருமளவில் வழக்கமாகச் செய்தால் மட்டுமே அந்தப் பொதுப் பணத்தில் பங்கெடுக்கலாம் என்று 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்த விதி சொல்கிறது. நாள் முழுதும் அடுப்பருகிலும் மா மேசையிலும் நிற்கும் தந்தைக்கு அந்தத் தகுதி உண்டு, ஆனால் அவர் ஒருபோதும் எடுத்ததில்லை. கணக்குப் பார்க்கும் மகளுக்கு அந்தத் தகுதி இல்லை. அவர் எடுத்த தொகை சிறிது. ஆனால் கோப்பை கழுவுபவரின் உறையைவிட அது தடித்திருந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

காயம் பற்றிய அறிக்கையை மகள் நவம்பர் 29 அன்றே அனுப்பினார். தாமதத்துக்கு எந்தச் சாக்கும் எழுதாமல், விதி தெரியாமல் காலம் கடந்ததை உள்ளபடியே எழுத வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். அவர் அப்படியே எழுதினார். மருத்துவர் அறிக்கை அனுப்புவது அவருடைய கடமை என்பதையும், அடுப்புப் பார்ப்பவர் யாரிடமும் முறையிடவில்லை என்பதையும் தந்தைக்கு எடுத்துச் சொன்னவரும் மகள்தான். அதன் பிறகு உரிமையாளர் அடுப்பருகே போய்க் கையைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். மன்னிப்பு என்ற சொல் பேசப்படவில்லை, தேவைப்படவுமில்லை.

டிசம்பர் 11 திங்கட்கிழமை, கடை பூட்டும் நாளில், குடும்பத்தினர் நால்வரும் அடுப்புப் பார்ப்பவரும் நானும் ஆறாம் மேசையில் உட்கார்ந்தோம். எனது முதல் யோசனை மூன்றாவது தட்டு ஒன்றை வாங்குவதாக இருந்தது. அதை விட்டுவிட்டோம்: மேலே உள்ள புகைபோக்கி அந்தக் கூடுதல் சூட்டை இழுக்காது, அதை மாற்ற வேண்டுமானால் கட்டட உரிமையாளரின் சம்மதமும் ஒரு கோடைகால வருமானம் முழுவதும் தேவைப்படும். கூடவே, ஐந்து வழியாக வரும் ஓடர்கள் மூன்றாவது தட்டையும் அதே குழப்பத்தில்தான் நிரப்பும் என்று மகள் சொன்னார். அது சரியாகவே இருந்தது.

பிறகு நான் கொப்பியைத் திறந்து எண்களை வாசிக்கத் தொடங்கினேன். பாதியில் அடுப்புப் பார்ப்பவர், “கால்மணிக்குப் பன்னிரண்டு. அதுக்கு மேல கல்லுச் சூடு பிடிக்காது” என்றார். மூன்று வெள்ளிக்கிழமைகள் நின்று நான் கண்டுபிடித்த எண் அதுதான். நான்கு ஆண்டுகளாக அவருக்கு அது தெரிந்திருந்தது. ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை.

அந்த எண்ணையே கடையின் சட்டமாக்கினோம். தொலைபேசிக்கு மேலே ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, மாலை 5 முதல் 9:30 வரை பதினெட்டுக் கால்மணிகளாகக் கோடிட்டோம். ஒவ்வொரு கட்டத்திலும் பன்னிரண்டு இடம்: எட்டு வெளியே போகும் ஓடர்களுக்கு, நான்கு உள்ளே உட்காருபவர்களுக்கு. கட்டம் நிரம்பினால் அடுத்த கட்டத்தின் நேரத்தையே சொல்ல வேண்டும். செயலிகளில் தயாரிப்பு நேரம் 45 நிமிடமாக உயர்த்தப்பட்டது. அடுத்துவரும் இரண்டு கட்டம் நிரம்பியிருந்தால் செயலியைத் தற்காலிகமாக நிறுத்தும் பொத்தானை அழுத்துவது மகளின் பொறுப்பு. கணினியில் செய்யலாமே என்று மகன் கேட்டார். உரிமையாளரும் அவருடைய மனைவியும் நின்ற இடத்திலிருந்தே பார்க்கக்கூடிய ஒன்றாக அது இருக்க வேண்டும் என்பதால் பலகையைத் தேர்ந்தோம். சீட்டு அடுப்புக்கு வரும்வரை பீட்சாவை மேசையில் அடுக்கக்கூடாது என்பதும் அதோடு சேர்ந்த விதி.

கடினமான முடிவு அடுத்தது. ஐந்தரை மணி முதல் ஒன்பது மணிவரை, சீட்டுகள் செருகும் கம்பியருகே நிற்பவர் ஒருவர் மட்டுமே அடுப்புப் பார்ப்பவரிடம் பேசலாம். அந்த ஒருவர் நானாகவோ, எனக்கு விடுமுறையானால் மகனாகவோ இருக்க வேண்டும். உரிமையாளர் அந்த நேரத்தில் மாவை விரிக்கும் மேசைக்குப் போக வேண்டும். மாவைக் கையால் விரிப்பதில் அவருக்கு இணையானவர் கடையில் இல்லை என்பது உண்மையான காரணம். அவர் குரல் அடுப்பருகே இருந்தால் வேறெந்தக் குரலும் எடுபடாது என்பதும் உண்மையான காரணம். அதையும் மறைக்காமல் சொன்னேன். தன் சொந்தக் கடையில் தனக்குப் பேச்சு இல்லையா என்று அவர் கேட்டார். நெடுநேரம் யாரும் பதில் சொல்லவில்லை. இறுதியில் அவர் மனைவி, “நீங்கள் கோப்பை கழுவேக்க எத்தனை பேர் உங்களுக்குச் சொன்னவை?” என்று கேட்டார். ஒருவர்தான் என்றார் அவர். அதன் பிறகு அவர் மறுக்கவில்லை, ஆனால் சம்மதம் என்றும் சொல்லவில்லை.

இடைவேளைகளை 4:30-க்கும் 5:30-க்கும் இடையில் இருவர் இருவராக எடுப்பது என்றும், மாலை நெருக்கடியில் இடைவேளையைத் தேடக்கூடாது என்றும் எழுதி ஒட்டினோம். மேல் தட்டின் கதவைத் திறந்துவைத்துவிட்டுக் கீழ்த் தட்டில் வேலை செய்வதில்லை என்பது வழக்கமாக்கப்பட்டது. முழங்கைவரை வரும் கையுறைகள் வாங்கப்பட்டன. டிப்ஸில் மகளின் உறை நிறுத்தப்பட்டது.

தொடர்ந்து நடந்தவை

டிசம்பர் 15, முதல் வெள்ளி, நன்றாக நடக்கவில்லை. “ஒரு மணி பத்து நிமிடம் ஆகும்” என்று கேட்டுத் தொலைபேசியை வைத்தவர்களை மகன் எண்ணினார், பத்தொன்பது பேர். செயலியை இரண்டு முறை நிறுத்தினோம். உரிமையாளர் மாவு மேசையில் நின்றபடி அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மணியளவில் அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. கோயில் நிர்வாகத்தில் ஒருவர், நான்கு பெரிய பீட்சா. அவர் பழக்கத்தில் அடுப்பை நோக்கித் திரும்பினார். மனைவி காசுப்பெட்டியிலிருந்து எழுந்து, “இஞ்சருங்கோ” என்று அழைத்துப் பலகைப் பேனையை அவர் கையில் வைத்தார். மாப் படிந்த விரல்களால் 8:15 கட்டத்தில் அவர் நான்கு கோடு இழுத்தார். பிறகு தொலைபேசியில், மிகவும் தாழ்ந்த குரலில், எட்டேகாலுக்கு வரும்படி சொன்னார். அந்த மனிதர் எட்டேகாலுக்கு வந்தார். பெட்டிகள் சூடாகக் காத்திருந்தன. எந்தக் கோபமும் இல்லாமல் வாங்கிப் போனார். அந்த இரவுக்குப் பிறகு கைத்தொலைபேசி வழி ஓடர்கள் பலகையைத் தவிர்க்கவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அரிதாகவே தவிர்த்தன.

முதல் நான்கு வெள்ளிக்கிழமைகளின் வருமானம் அதற்கு முந்தியவற்றைவிட ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு குறைந்தது. நத்தார் காலமும் இடையில் வந்ததால் எவ்வளவு குறைவு பலகையால் ஏற்பட்டது என்று பிரித்துச் சொல்வது கடினம். அந்த வாரங்களில் உரிமையாளர் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார். ஜனவரி இறுதியில் மாற்றம் தெரிந்தது. வழக்கமான வாடிக்கையாளர்கள் முன்கூட்டியே அழைத்து ஐந்தேகாலையோ எட்டரையையோ கேட்கத் தொடங்கினார்கள். சிலர் வியாழனே அழைத்தார்கள். முதல் நாளே எண்ணிக்கை ஓரளவு தெரிந்ததால், குளிர் அறையில் எத்தனை மா உருண்டை வைப்பது என்ற ஊகமும் சீரானது. ஞாயிறு இரவில் எறிந்த மா பாதியாகக் குறைந்தது. மார்ச் மாதத்தின் ஐந்து வெள்ளிக்கிழமைகளில் சராசரியாக 204 பீட்சா விற்றோம், திரும்பச் செய்தவை 3. அதே அடுப்பு, அதே ஆட்கள்.

டிப்ஸ் விடயம் இவ்வளவு நலமாக முடியவில்லை. தான் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டதைப் போல மகள் உணர்ந்தார், பெப்ரவரி முழுவதும் வெள்ளி மாலைகளில் கடைக்கு வராமல் வீட்டிலிருந்தே செயலிகளைப் பார்த்தார். கோப்பை கழுவுபவருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வியும் தீரவில்லை. பரிமாறுபவர்கள், வாடிக்கையாளர் தங்களைப் பார்த்துத்தான் கொடுக்கிறார் என்றார்கள். சுத்தமான தட்டு இல்லாமல் எதைப் பரிமாறுவது என்று அவர் கேட்டார். உரிமையாளர் தன் பையிலிருந்து மாதந்தோறும் ஒரு தொகை கொடுத்து அந்தப் பேச்சை அடக்கினார். அது அவருடைய நல்ல மனம்; கோப்பை கழுவுபவர் கேட்டதோ பங்கு.

அடுப்புப் பார்ப்பவர் 2024 ஜூனில் வேலையை விட்டார். மருத்துவக் காப்புறுதியும் ஓய்வூதியச் சேமிப்பும் உள்ள ஓர் உணவு விடுதிச் சமையற்கூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. சிறு கடையால் அவற்றுக்கு ஈடு கொடுக்க முடியாது. ஆறு வாரத்துக்கு முன்பே உரிமையாளரிடம் நேரில் சொன்னார், அந்த ஆறு வாரமும் மேசையில் வேலை செய்த இளைஞர் ஒருவருக்கு அடுப்பைப் பழக்கினார். கடைசி இரவில் உரிமையாளர் அவருக்காகத் தானே அடுப்பில் நின்று ஒரு பீட்சா சுட்டார்.

மாற்றிச் செய்யக்கூடியவை

காயம் பட்ட அந்த நிமிடத்தில் அடுப்பை நிறுத்தியிருக்க வேண்டும். இருபது நிமிடம் தண்ணீர், பிறகு வீட்டுக்கு அனுப்புதல், மறுநாள் காலை அறிக்கை. முப்பது பீட்சா தாமதமாகியிருக்கும். பெற்றோர் கூட்டம் பசியோடு காத்திருந்திருக்கும். அதற்கு மேல் ஒன்றும் ஆகியிராது. இதில் குடும்பத்தைவிட என் பிழையே பெரிது, ஏனென்றால் அங்கே பயிற்சி பெற்றிருந்தவன் நான். இப்போது கழுவும் தொட்டிக்கு மேலே, தீப்புண்ணுக்குக் குழாய் நீர் மட்டும், பற்பசையோ வெண்ணெயோ பனிக்கட்டியோ வேண்டாம் என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறது.

அளப்பதற்கு முன் அடுப்புப் பார்ப்பவரைக் கேட்டிருக்க வேண்டும். எண்கள் தேவைதான்; உரிமையாளரை ஒப்புக்கொள்ளச் செய்தது அந்தக் கொப்பிதான், ஒரு வேலைக்காரரின் வார்த்தையை மட்டும் அவர் ஏற்றிருக்கமாட்டார். ஆனால் முதல் வாரமே அவருடைய எண்ணை வாங்கி, அதைச் சரிபார்க்கவே அளந்திருந்தால், இரண்டு வெள்ளிக்கிழமைகள் மிச்சமாகியிருக்கும். தன் பேச்சு மதிக்கப்படுகிறது என்று அவரும் முன்பே அறிந்திருப்பார்.

டிப்ஸ் பேச்சை டிசம்பர் 11 கூட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கக்கூடாது. அடுப்பு எல்லோருக்கும் பொதுவான சிக்கல். டிப்ஸ் உறை ஒருவருடைய பெயரில் இருந்தது. வேலைக்காரர் முன்னிலையில், பெற்றோர் முன்னிலையில் மகளிடம் அதைச் சொன்னது தேவையற்ற அவமானம். முதலில் அவரிடம் தனியாகப் பேசி, விதியைக் காட்டி, மாற்றத்தை அவரே அறிவிக்கும்படி விட்டிருக்கலாம். 2024 ஜூனிலிருந்து, உரிமையாளர் பங்கெடுக்கும் டிப்ஸ் முறை ஏதும் கடையில் இருந்தால் அதை எழுதிப் பலர் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்றும் ஒன்ராறியோவில் விதி வந்துவிட்டது. எங்கள் கடையில் அப்படி ஒட்ட வேண்டியதில்லை, ஆனாலும் மகள் ஒரு தாளில் முறையை எழுதி இடைவேளை அறையில் ஒட்டினார். கோப்பை கழுவுபவரின் பங்கு எழுத வேண்டிய வரி அதில் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதலில் பேச வேண்டியது அதுதான்.